ஒலிப்பொருள் எண் ஏழு

மனித குலத்துக்கு மௌனத்தின் அருமையை உணர்த்துவதற்கென்றே தோன்றிய அமைப்பு, கடலோர ஒலி மரபு வாரியம். அதன் சட்டதிட்டப் புத்தகத்தின் முதல் வரி அப்படித்தான் சொல்கிறது. அந்த வாரியத்துக்குச் சொந்தமாகப் பதினாறு ஸ்பீக்கர்களும், இரண்டு ஜெனரேட்டர்களும், வழிவிடச் சொல்லி அலறுகிற ஜீப் ஒன்றும் இருந்தன.

தை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரை என்கிற ஊரில், வாரியத்தின் 'நீரின் நினைவு' நடந்தது. ஆம்பியன்ட் என்கிற, பாட்டும் தாளமும் இல்லாத மின்னணு இசை, நேரடி நிகழ்ச்சி. கொத்தனேந்தல் சோணைமுத்து முப்பது கிலோமீட்டர் எக்ஸெல் வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே போனார். இசை கேட்க அல்ல. ஓர் இரும்புக் கைப்பிடியை வாங்கி வருவதற்கு.

அது அவர்கள் ஊர்த் தலைமதகின் ஷட்டரைத் திருகித் தூக்குகிற கைப்பிடி. மூன்றடி நீளம், ஓர் ஆட்டுக்குட்டி கனம். ஆற்றுத் தண்ணீரைக் கொத்தனேந்தல் கண்மாய்க்குத் திருப்ப வேண்டுமென்றால் அது வேண்டும். வேறு மதகின் கைப்பிடி சேராது. ஒவ்வொரு மதகின் தலைக்கும் ஒவ்வொரு அளவு. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகலாமென்றால், முன்பொரு தடவை அப்படித் திருகியவர்கள் மேல் இன்னும் கேஸ் நடக்கிறது. கரையை வெட்டினால் ஊர் மேலேயே கேஸ் வரும்.

ஆற்றில் இரண்டு வருடமாகத் தண்ணீர் வரவில்லை. போன சித்திரையில் வாரியத்து ஆட்கள் ஊருக்கு வந்து, 'வறண்ட நிலத்தின் நாதம்' இந்தக் கைப்பிடிக்குள் உறங்குவதாகச் சொன்னார்கள். தங்கள் ஊர்ச் சாமான் ஒன்றை அரசாங்கம் தேடி வந்து கேட்பது கொத்தனேந்தல் சரித்திரத்திலேயே முதல் தடவை. ஊர் கூடிக் கைப்பிடிக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, மேளம் கொட்டி வழியனுப்பி வைத்தது. ஊர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் சோணைமுத்து. அதற்காக அவருக்குப் போர்த்திய பொன்னாடை இப்போது அவர் வீட்டு மிக்ஸிக்கு மேல் கிடக்கிறது.

தை பிறந்ததும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நெல் கதிர் தள்ளுகிற நேரம். ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். ஊர் மொத்தமும் மதகுக்கு ஓடிப்போய்ப் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான், திருகுவதற்குக் கைப்பிடி இல்லையென்பது ஒருவருக்கு ஞாபகம் வந்தது. வாரியத்துக்கு மூன்று நாள் போன் செய்தார்கள். எடுத்தவரெல்லாம் கிசுகிசுப்பான குரலில், நிகழ்ச்சி வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதற்குள் அணையில் அடைத்துவிட்டார்கள். இனி வருவது வால் தண்ணீர். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் அது மதகுக் கல்லுக்குக் கீழே இறங்கிவிடும்.

இரண்டரை மணிக்குச் சோணைமுத்து போய் நின்றபோது, வாசல் மேசையில் மதுமதி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். வாரியத்தில் ஒப்பந்த அடிப்படையில் 'மௌன ஒருங்கிணைப்பாளர்'. கைப்பிடியை வாங்கிப்போனபோது வாரியம் கொடுத்த ரசீதை அவர் நீட்டினார்.

"தாயி, எங்க மதகுக் கைப்பிடி இங்கன இருக்காம். எடுத்துட்டுப் போக வாரேன்."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு ஒரு படிவத்தைத் தள்ளினாள். 'அரங்கினுள் நான் எழுப்பும் ஒலிகளுக்கு நானே முழுப் பொறுப்பு' என்று அதில் இருந்தது. சோணைமுத்து யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி வெள்ளைத் துணி உறை இரண்டு கொடுத்தாள். மணலில் நடந்தால் சத்தம் கேட்கும் என்று வாரியத்தின் நிபுணர் குழு கண்டுபிடித்திருந்ததாம். செல்போனை வாங்கிக்கொள்ள ஒரு தட்டு இருந்தது. சோணைமுத்து போன் இல்லையென்று சொல்லி, அதை வேட்டி மடிப்பில் இறுக்கிக்கொண்டார்.

கடைசியாக மூன்று அட்டைகள் தந்து கிசுகிசுத்தாள்.

"அய்யா, உள்ள பேசக்கூடாது. பச்சை அட்டை தூக்குனா, நான் உணர்கிறேன்னு அர்த்தம். மஞ்சள் தூக்குனா, நான் காத்திருக்கிறேன்."

"செவப்பு?"

"பாத்ரூம்."

"கைப்பிடி வேணும்னா எதத் தூக்கணும்?"

அவள் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியொன்று அச்சடிக்கவில்லை. "மஞ்சளே தூக்குங்க," என்றாள்.

உள்ளே நானூறு நாற்காலி. முன்வரிசைகளில் பல துறை ஊழியர்கள், துறைக்கு இத்தனை பேர் என்று சர்க்குலர் போட்டு வரவழைக்கப்பட்டவர்கள். பின்வரிசைகளில், சாப்பாட்டுப் பொட்டலம் உண்டென்று சொல்லி மூன்று ஊரிலிருந்து வேனில் கூட்டி வந்த பெண்கள். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு லேப்டாப், ஏகப்பட்ட திருகுகள். மேசைக்கு முன்னால் வெல்வெட் துணி விரித்து, பதினொரு ஒலிப்பொருட்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஏழாவதாக, மாலையோடு, கைப்பிடி. அதன் இடுப்பில் காசளவு மைக் ஒன்றைக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டி, வயரை மேசைக்கு அடியில் விட்டிருந்தார்கள்.

வெளியூர் போய்த் திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்தது போலச் சோணைமுத்துவுக்கு இருந்தது. கொஞ்சம் இளைத்த மாதிரிகூடத் தெரிந்தது. மஞ்சள் அட்டையைத் தூக்கினார். பக்கத்தில் நடமாடிய தொண்டர் அதைப் பார்த்து மரியாதையாகத் தலைகுனிந்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வாரியத் தலைவர் யோகேஸ்வரன் எழுந்து, மௌனத்தைப் பற்றி நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். பதினாறு ஸ்பீக்கரும் வேலை செய்தன.

"பேச்சு என்பது ஒரு மாசு. இந்த உண்மையை நான் இதுவரை இருநூற்றுப் பதினான்கு மேடைகளில் பேசியிருக்கிறேன். போன வருடம் இந்த மாவட்டத்தில் வறட்சி. எல்லாரும் கவலைப்பட்டார்கள். வாரியம் கவலைப்படவில்லை. வறண்ட கண்மாய்கள் பதினான்கை அதிநவீனக் கருவிகளால் பதிவு செய்தோம். எதிலும் ஒரு சத்தமும் இல்லை. அதையே பதினான்கு குறுந்தகடுகளாக வெளியிட்டோம். விவசாயி தண்ணீரை வயலில் பார்க்கிறான். அது தண்ணீரின் ஆரம்பப் பள்ளி. தண்ணீரைக் காதில் பார்ப்பவனே முதிர்ந்த ரசிகன். இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் கொண்டு வருவது எளிதல்ல. அதன் சத்தத்தைக் கொண்டு வரலாம். அதற்குக் குழாய் பதிக்க வேண்டாம், கரையை உயர்த்த வேண்டாம், ஒரு ஜெனரேட்டர் போதும்."

முன்வரிசையில் பச்சை அட்டைகள் எழுந்தன. கைதட்டத் தடை இருந்ததால், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அடுத்து, தலைவருக்குத் துணைத்தலைவரும், துணைத்தலைவருக்குத் தலைவரும் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

பிறகு இசைக்கலைஞர் வந்தார். வசந்தகுமார், பரமக்குடிக்காரர். பேனரில் அவர் பெயர் 'வ' என்று மட்டும் இருந்தது. மீதியை ரசிகர்கள் மௌனத்தில் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும் என்பது வாரியத்தின் யோசனை. அவர் உட்கார்ந்து ஒரு திருகைத் தொட்டார். மாவு மில் தூரத்தில் ஓடுவது போல 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்து, அப்படியே நின்றது.

கால் மணி நேரம் கழித்தும் அது நின்றுகொண்டே இருந்தது.

"மைக் டெஸ்டிங் இன்னும் முடியலயா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"சும்மா இருடி. கரண்டு வந்து வந்து போகுது போல," என்றாள் இன்னொருத்தி.

சோணைமுத்து அதற்குள், இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளர் ராம்குமாரைக் கண்டுபிடித்துவிட்டார். மதகு அவர் பொறுப்பில்தான் வருகிறது. குனிந்தபடியே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், கைப்பிடி."

"தெரியும்யா. வாய அசைக்காமப் பேசு."

"தண்ணி பூராம் கடலுக்குப் போகுது சார்."

"பாத்துட்டுத்தான வாரேன். பாலத்துல வண்டிய நிப்பாட்டி போட்டோகூட எடுத்தேன். நல்ல தண்ணி."

"எடுத்துக் குடுத்தீகன்னா ஓடிருவேன்."

ராம்குமார் ரசீதை வாங்கிக் கால்மேல் வைத்து விரலால் காட்டினார். 'நிகழ்ச்சி முடிந்தவுடன் திருப்பித் தரப்படும்.'

"முடியட்டும். வாங்கிட்டுப் போ."

"எப்ப முடியும் சார்?"

ராம்குமார் விழாக் கையேட்டின் நான்காம் பக்கத்தைப் புரட்டினார். 'இவ்விசைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"சார், ரசீதுல முடிஞ்சாத் தருவோம்னு இருக்கு. புத்தகத்துல முடியாதுன்னு இருக்கு."

"ஆமா. ரெண்டும் ஒரே பிரஸ்ல அடிச்சதுதான்."

"நீங்க ஒரு வார்த்த தலைவருகிட்ட..."

"யோவ், நானே சர்க்குலர்ல வந்தவன். நான் எத்தனை தடவ தலையாட்டுறேன்னு அங்கன ஒருத்தன் குறிச்சுக்கிட்டிருக்கான். அவன் பாக்குறான், பச்சையத் தூக்கு."

சோணைமுத்து பச்சையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மடியில் போன் அதிர்ந்தது. உடனே சிவப்பைத் தூக்கினார்.

கழிப்பறை வண்டிக்குப் பின்னால் போய் எடுத்தார். மதகுக் கரையிலிருந்து அவர் மனைவி நாகலெட்சுமி.

"எங்கன இருக்கீக? தண்ணி ஷட்டரு நெஞ்சு வரைக்கும் நிக்குது. கைப்பிடி வாங்கியாச்சா?"

"கண்ணு முன்னாலதான் இருக்கு."

"எடுக்க வேண்டியதுதான?"

"கச்சேரி நடக்குது."

"என்ன பாட்டு?"

சோணைமுத்து காது கொடுத்துக் கேட்டார். "ம்ம்ம்னு இருக்கு," என்றார்.

"ஊர் பூராம் கரையில வாயப் பொளந்துட்டு நிக்குது. நீங்க அங்கன உக்காந்து கச்சேரி கேளுங்க," என்று அவள் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது மேடைக்குப் பின்புறம் ஒருவர் கித்தான் விரித்துச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளி, தலையணை. தேவிபட்டினத்து பாக்கர். அவர் படகின் அடியில் சுழன்று அதை ஓட்டுகிற விசிறிதான் ஒலிப்பொருள் எண் மூன்று.

"நீங்க எத்தனாம் நம்பரு?" என்றார் பாக்கர்.

"ஏழு. இன்னிக்குத்தான் வந்தேன்."

"நான் ரெண்டு கச்சேரியா வாரேன். போன தடவ ஏர்வாடிப் பக்கம் போட்டாங்க. முடிஞ்சாத் தர்றோம்னாங்க. விடியுற வரைக்கும் ம்ம்ம்னுச்சு. விடிஞ்சதும், இது இடைவேளைதான்னு சொல்லி லாரில ஏத்திட்டாங்க."

"அப்ப படகு?"

"கரையில கெடக்கு. மச்சான் அதுல கருவாடு காயப் போடுறான். அடுத்த கச்சேரிக்குள்ள கெடச்சிரும், இன்ஷா அல்லாஹ். நீங்க சாப்டீகளா?"

சோணைமுத்து வேகமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். நாலரைக்கு நாகலெட்சுமி மறுபடி கூப்பிட்டாள். தண்ணீர் நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது. ஐந்து மணிக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது, வாரியத்தின் முதலுதவிக் குழு அவர் நாற்காலியைச் சுற்றி நின்றது. ஒன்றும் பேசாமல் ஓர் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் இரண்டு வாழைப்பழத்தையும் கையில் திணித்தார்கள். ஒரு நர்ஸ் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பச்சை அட்டையைத் தூக்கினாள்.

சோணைமுத்து கரைசலைக் குடித்து முடித்தார். வாழைப்பழங்களைப் பின்வரிசைப் பெண்களிடம் கொடுத்தார். பிறகு எழுந்து, துணி உறை போட்ட கால்களோடு, நடுப்பாதை வழியாக நேரே மேடைக்கு நடந்தார். சத்தமே கேட்காததால் யாரும் தடுக்கவில்லை. நிபுணர் குழு சொன்னது சரியாகத்தான் இருந்தது.

வசந்தகுமார் தலையைத் தூக்கினார். பக்கத்தில் பார்த்தால் முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது.

"தம்பி, நான் கொத்தனேந்தல். இது எங்க மதகுக் கைப்பிடி. நீங்க பரமக்குடியில எங்கன?"

"எமனேஸ்வரம்ணே." அவரும் கிசுகிசுத்தார். "ஆத்துல தண்ணி வந்துருச்சாமே. எங்கய்யா போன் பண்ணாரு."

"வந்துருச்சு. போயிக்கிட்டும் இருக்கு. இத எடுத்தா உங்க பாட்டுக்குக் கேடு ஒண்ணும் வராதே?"

வசந்தகுமார் கைப்பிடியைப் பார்த்தார், பிறகு திருகுகளைப் பார்த்தார்.

"வராதுண்ணே. எடுத்துட்டுப் போங்க. வயரையும் சுருட்டிக்கங்க, கால்ல மாட்டிரும்."

சோணைமுத்து குனிந்து கைப்பிடியைத் தூக்கித் தோளில் சாய்த்தார். வயர் மேசைக்கு அடியிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ம்ம்ம் சத்தம் முன்பிருந்தது போலவே இருந்ததாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் அவருக்கு இசை தெரியாது.

அவர் மேடைப் படியில் இறங்குவதற்குள், முன்வரிசையில் யாரோ இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். பிறகு இருநூறு பேர் ஆட்டினார்கள். சர்க்குலரில் வந்தவர்கள், இது எந்தக் கட்டம் என்று தெரியாமல் எழுந்து நின்றே ஆட்டினார்கள். தலைவர் யோகேஸ்வரன் கண்ணைத் துடைத்தபடி மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

"ஒரு மணி நேரமாக இந்த இசையின் முதுகெலும்பாக ஒலித்தது ஏழாம் எண். அந்த இரும்பின் தாகம் ஓய்ந்ததே ஒரு கணம், அப்போது என் நெஞ்சு நின்றுவிட்டது. இந்த விவசாயி யார்? வாரியம் அழைக்காமல் வந்திருக்கிறார். இதற்குப் பெயர்தான் மக்கள் பங்கேற்பு. ஆண்டறிக்கையில் அந்தக் கட்டம் மட்டும்தான் காலியாக இருந்தது. ஏழாம் எண்ணை அவருக்கே உரிய மரியாதையோடு திருப்பி வழங்குவோம்."

சொல்லிவிட்டு, உரிய மரியாதையோடு வழங்குவதற்காக, கைப்பிடியைச் சோணைமுத்துவின் தோளிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டார்.

"அய்யா, கையில இருந்தத வாங்கி எதுக்குய்யா கையில குடுக்கணும்? தண்ணி..."

"ஐந்து நிமிடம்," என்றார் தலைவர்.

கைப்பிடிக்குக் கட்ட ரிப்பன் தேடினார்கள். ரிப்பன் ஜீப்பில் இருந்தது, ஜீப் டீ வாங்கப் போயிருந்தது. வந்ததும் கட்டினார்கள். போட்டோகிராபர், ரிப்பன் சிவப்பாக இருப்பதால் கழிப்பறை அட்டை மாதிரித் தெரிவதாகச் சொன்னார். பச்சை ரிப்பன் தேடினார்கள். துணைத்தலைவர் இரும்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். சோணைமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ராம்குமாரை மேடைக்குக் கூப்பிட்டு, துறையின் சார்பில் கைப்பிடியை ஒரு முனையில் தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தொட்டுக்கொண்டார், சோணைமுத்துவின் முகத்தைப் பார்க்காமல்.

போட்டோ எடுக்கும்போது, மேடைக்கு வலப்புறம், ஆற்றின் வாயை அடைத்திருந்த மணல் திட்டு இடிந்தது. செங்காவி நிறத்தில் தண்ணீர் சலசலவென்று கடலுக்குள் பாய்ந்தது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. வசந்தகுமார் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கேளுங்கள்," என்றார் தலைவர், மைக்கை நீட்டி. "நம் அழைப்பை ஏற்று நதியே வந்துவிட்டது."

நானூறு பேரும் கையைத் தூக்கி விரலை ஆட்டினார்கள். சோணைமுத்து ஆட்டவில்லை. காலையில் தன் ஊர் மதகில் முட்டி நின்ற தண்ணீரை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கைப்பிடி அவர் கைக்கு வந்தது. பெற்றுக்கொண்டதற்கு மூன்று நகலில் கையெழுத்து வாங்கினார்கள். வாசலில் மதுமதி அவர் செருப்பை எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா," என்றாள், சாதாரணக் குரலில். அந்தத் திடலில் அன்றைக்கு அவள் சத்தமாகப் பேசிய ஒரே வார்த்தை அது. பாக்கர் கித்தானைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நிகழ்ச்சி மாசி மாதம் என்று விசாரித்து வைத்திருந்தார்.

சோணைமுத்து மதகை அடைந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. கரையில் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேர் டார்ச் அடித்தார்கள். கைப்பிடியை மாட்டித் திருகினார். நல்ல கைப்பிடி. இரண்டு வருடத் துருவையும் மீறி ஷட்டர் தடங்கலில்லாமல் மேலே ஏறியது. முழுக்கத் திறந்த மதகின் அடிக்கல்லுக்கு ஒரு சாண் கீழே, ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாரியத் தலைவர் இருநூற்றுப் பதினான்கு மேடைகளில் பேசியும் கொண்டு வர முடியாத மௌனம் அங்கே நின்றது.

நாகலெட்சுமிதான் முதலில் கிட்ட வந்தாள். அவர் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி மடித்து, "கிரைண்டருக்கு ஆச்சு," என்றாள். பிறகு கைப்பிடியின் இடுப்பில் டேப் சுற்றியிருந்ததைத் தடவினாள்.

"இது என்ன வயரு?"

"அது வழியாத்தான் சத்தம் பெட்டிக்குப் போகுமாம். நம்ம கைப்பிடிதான் அங்கன எல்லாத்துக்கும் முதுகெலும்பாம். தலைவரு அழுதுட்டாரு."

நாகலெட்சுமி வயரைப் பிடித்து முனை வரைக்கும் கைமாற்றிக்கொண்டே போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெட்டியில் சொருகுகிற பின்னின் மேல், கடையில் வாங்கும்போது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடி கழற்றப்படாமல் இருந்தது.